பழைய யமஹா எஸ்ஜி, 35,000 கேட்கிறார்கள்: நியாயமான விலைதானா?

ஆறாவதுகம்பி (திருச்சி)
செவ்வாய், இரவு 9:40

வணக்கம். ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் பழைய யமஹா எலெக்ட்ரிக் கிதார் விலைக்கு இருக்கிறது. வீட்டுக்காரர் மெல்லிசைக் குழுக்களில் பல வருடம் வாசித்தவர், போன வருடம் தவறிவிட்டார். இப்போது அவர் மனைவி கொடுக்கிறார், 35,000 கேட்கிறார். என்னிடம் 60,000 இருக்கிறது. மூன்று வருடம் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுத்துச் சேர்த்த பணம், அதனால் தவறான பொருளை வாங்கிவிட்டால் எனக்கு அடுத்த வாய்ப்பு இல்லை.

நேரில் ஒரு முறைதான் பார்த்தேன். நடுவில் மஞ்சள், ஓரத்தில் சிவப்பு. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொம்பு. தூக்கும்போது கனமாக இருந்தது. ஹெட்ஸ்டாக்கின் (கம்பி முறுக்கும் தலைப்பகுதி) பின்னால் ஜப்பானில் செய்தது என்று போட்டு ஒரு எண் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, அமெரிக்க ஜிப்சன் கம்பெனி கிதாரைப் பார்த்துச் செய்த டூப்ளிகேட், 20,000-க்கு மேல் கொடுக்காதே என்றார். இணையத்தில் தேடினால் யமஹா எஸ்ஜி என்ற பெயரில் ஏழெட்டு மாடல் வருகிறது, ஒன்றின் விலை மற்றதைப் போல் மூன்று மடங்கு. எதை எதோடு ஒப்பிடுவது என்றே புரியவில்லை. படங்கள் கீழே. 35 சரியா?


கொடுக்கல்வாங்கல் (பெங்களூரு)
செவ்வாய், இரவு 10:05

நாளைக் காலையே போய் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள் தம்பி. பன்னிரண்டு வருடமாகப் பழைய கிதார் வாங்கி விற்கிறேன், ஜப்பானில் செய்த எஸ்ஜி எதுவாக இருந்தாலும் 35-க்கு நஷ்டம் வராது. இங்கே கேட்டுக்கொண்டிருக்கும் நேரத்தில் வேறொருவர் வாங்கிப் போய்விடுவார்.


ஈயமும்கம்பியும் (சென்னை)
செவ்வாய், இரவு 11:20

அவசரப்பட வேண்டாம். மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், பின்பக்கம். நெக், அதாவது கிதாரின் கழுத்து, உடம்பில் வந்து சேரும் இடத்தில் மூட்டே தெரியவில்லை. நெக்கின் மரக்கோடுகள் நடுவில் ஓடி, ஸ்ட்ராப் மாட்டும் குமிழ் வரை போகின்றன. நெக்கும் உடம்பின் நடுப்பகுதியும் மூட்டில்லாமல் ஓடும் ஒரே துண்டு, இரண்டு பக்கமும் இறக்கையை ஒட்டியிருக்கிறார்கள். எஸ்ஜி1000 ஆக இருந்தால் நெக்கைத் தனியே செய்து பசை போட்டு ஒட்டியிருப்பார்கள், அதில் இந்தக் கோடு இப்படி ஓடாது. ஃப்ரெட்போர்டு (விரல் வைக்கும் பலகை) கருங்காலி போலத் தெரிகிறது. நீங்கள் பார்த்தது எஸ்ஜி2000 என்றுதான் நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. ஹெட்ஸ்டாக்கில் இருக்கும் சின்ன மூடியில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து மாடலை முடிவு செய்யாதீர்கள். கழற்றி மாட்ட ஐந்து நிமிடம் போதும். மரக்கோட்டை அப்படி மாற்ற முடியாது. அது எஸ்ஜி2000 என்றால் நீங்கள் கேட்ட கேள்வியே மாறிவிடுகிறது, ஏனென்றால் அதற்கு 35 மிகக் குறைவு.


நிஷிகசாய்காரன் (டோக்கியோ)
புதன், காலை 6:50

கோடு ஓடுவது உண்மை என்றால் நானும் எஸ்ஜி2000 என்றே சொல்வேன். இந்தக் கிதாரை யாராவது டூப்ளிகேட் என்று சொன்னால் எனக்கு மனது கேட்காது, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

1976-இல் வந்தது. அதற்கு முன் யமஹா எஸ்ஜி175 என்று ஒன்று செய்துகொண்டிருந்தது. ராக் கிதார் கலைஞர் கார்லோஸ் சாந்தானா அதை வாசித்துவிட்டு, ஸ்வரம் இன்னும் நீண்டு நிற்க வேண்டும், உடம்பில் இன்னும் கனம் வேண்டும் என்று சொன்னார். அதற்குப் பதிலாக ஹமமாட்சுக்காரர்கள் (யமஹாவின் தலைமையகம் அந்த ஊரில்தான்) செய்து கொடுத்ததுதான் எஸ்ஜி2000. நெக்கை உடம்பு வழியே ஓட விட்டார்கள். கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்கு அடியில் பித்தளைக் கட்டி ஒன்றைப் புதைத்தார்கள். கம்பியின் அதிர்வு சீக்கிரம் அடங்காமல் இருக்கத்தான் இவ்வளவும். நாலு கிலோவுக்கு மேல் இருப்பதற்கும் இதுவே காரணம். சாந்தானா எண்பதுகளின் தொடக்கம் வரை இதைத்தான் வாசித்தார், பிறகு பால் ரீட் ஸ்மித் கிதாருக்கு மாறினார். பிக் கன்ட்ரி குழுவின் ஸ்டூவர்ட் ஆடம்ஸனும் எஸ்ஜி2000 வாசித்தவர்.

பெயரிலும் ஒரு சிக்கல் உண்டு. 1980 வாக்கில் ஏற்றுமதியான கிதார்களுக்கு எஸ்பிஜி (SBG) என்று பெயர் மாற்றினார்கள், எஸ்ஜி என்பது ஜிப்சனின் ஒரு மாடல் பெயராகவும் இருந்ததால். ஜப்பானுக்குள் எஸ்ஜி என்ற பெயரே தொடர்ந்தது. விலை தேடும்போது இரண்டு பெயரிலும் தேடுங்கள், இல்லாவிட்டால் பாதி விற்பனை கண்ணில் படாது. இது ஆயிரக்கணக்கில் கைமாறும் கிதார் இல்லை, ஒவ்வொரு விற்பனையும் தகவல்தான்.


ஆறாவதுகம்பி (திருச்சி)
புதன், மாலை 7:15

கை நடுங்குகிறது. இன்று போய் மறுபடி பார்த்தேன். கோடு கடைசி வரை ஓடுகிறது, சந்தேகமே இல்லை.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஐந்து ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி), மேல் இரண்டு மெல்லிய கம்பிகளுக்குக் கீழே பள்ளம் விழுந்திருக்கிறது. கம்பியை முறுக்கும் ட்யூனர்களில் ஒன்று மட்டும் வேறு மாதிரி, பின்னால் மாற்றியிருக்கிறார்கள். ஒரிஜினல் பெட்டி இல்லை, தைத்த கேன்வாஸ் உறைதான். பின்பக்கம் பெல்ட் கொக்கி கீறிய தடங்கள். அப்புறம் ஹெட்ஸ்டாக்கில் வட்டமாக ஒரு மஞ்சள் கறை. ஆயுத பூஜைக்கு ஒவ்வொரு வருடமும் சந்தனமும் குங்குமமும் வைப்பாராம், அந்த அம்மா சொன்னார். இவ்வளவு வருடத்தில் அது படிந்துவிட்டது.


பழையட்ரூப்காரன் (மதுரை)
புதன், இரவு 9:30

தம்பி, அந்தப் பள்ளம் அவர் ரிதம் வாசித்தவர் என்று சொல்கிறது. எங்கள் எல்லோருடைய கிதாரும் அப்படித்தான் தேயும். ஒரு கச்சேரி நாலு மணி நேரம், முப்பது பாட்டுக்கு மேல் போகும், கை பெரும்பாலும் முதல் ஐந்து கட்டத்தை விட்டு நகராது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே தேய்மானமே இருக்காது பாருங்கள்.

நான் 79-இல் இருந்து 94 வரை மெல்லிசை ட்ரூப்பில் இருந்தேன். அந்தக் காலத்தில் வெளிநாட்டுக் கிதார் என்றால் கடையில் போய் வாங்குவது கிடையாது. சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ யாராவது இருக்க வேண்டும், கப்பலில் வேலை பார்ப்பவர் இருந்தால் இன்னும் நல்லது. பர்மா பஜாரில் எப்போதாவது ஒன்று வரும், நாங்கள் கேள்விப்படுவதற்குள் போய்விடும். ஒரு யமஹா வாங்க ஒருவர் வீட்டு நகையை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படி வாங்கியதை விற்க மாட்டோம், கொடுத்தால் மறுபடி கிடைக்காது.

சந்தனக் கறைக்காக விலையைக் குறைக்காதீர்கள். அதை எடுக்கவும் முயலாதீர்கள். தின்னர் போட்டால் வார்னிஷும் சேர்ந்து போகும்.


கொடுக்கல்வாங்கல் (பெங்களூரு)
புதன், இரவு 10:10

ஐயா சொல்வது மனதைத் தொடுகிறது, ஆனால் விஷயத்துக்கு வருவோம். விலை சொன்னது அவர்கள். தம்பி மிரட்டவில்லை, பொய் சொல்லவில்லை. விற்பவர் கேட்ட விலையை வாங்குபவர் கொடுத்தால் அது நியாயமான விலை. எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாது என்பதற்காக நான் ஏன் கூடுதலாகக் கொடுக்க வேண்டும்? நான் பன்னிரண்டு வருடம் கற்றுக்கொண்டதற்கு மதிப்பு கிடையாதா? எத்தனையோ முறை எனக்குத் தெரியாமல் அதிகம் கொடுத்திருக்கிறேன். அப்போது யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.


அப்பாவின்கீபோர்டு (கும்பகோணம்)
வியாழன், காலை 5:55

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதுவது இல்லை. இந்த இழைக்காகத்தான் எழுதுகிறேன்.

என் அப்பாவும் ட்ரூப்பில் கீபோர்டு வாசித்தவர். அவர் போன மறுமாதம் வீட்டுக்கு ஒருவர் வந்தார், அப்பாவுக்குத் தெரிந்தவர் என்றுதான் சொன்னார். ஒரு பழைய சிந்தசைசர், ஒரு எக்கோ பெட்டி, இரண்டு மைக் எல்லாம் சேர்த்து 9,000 கொடுத்து எடுத்துப் போனார். அம்மா அதற்கு அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தாள், இரண்டு முறை நன்றி சொன்னாள். ஆறு மாதம் கழித்து அந்தச் சிந்தசைசர் மட்டும் 70,000-க்கு விற்பனைக்கு வந்த பதிவை நான் பார்த்தேன். கீபோர்டின் ஓரத்தில் நான் சின்ன வயதில் ஒட்டிய ஸ்டிக்கர் அப்படியே இருந்தது.

கொடுக்கல்வாங்கல் அண்ணா, நீங்கள் சொல்வது சட்டப்படி சரியாக இருக்கலாம். அந்தப் பணம் எங்களுக்கு அப்போது தேவைப்பட்டது, அதைத் தவிர நான் வேறு எதையும் சொல்லப் போவதில்லை. எனக்கு வலித்தது பணம்கூட இல்லை. எங்கள் அப்பா வைத்திருந்தது நல்ல பொருள் என்று அந்த மனிதருக்குத் தெரியும், அதை எங்களிடம் சொல்லவே இல்லை. 35,000 கேட்கும் அந்த அம்மாவுக்கும், தன் கணவர் கடைசி வரை வைத்திருந்தது என்ன என்று தெரியாது.


கொடுக்கல்வாங்கல் (பெங்களூரு)
வியாழன், காலை 9:20

தங்கை, உங்களுக்கு நடந்தது தவறு. நண்பர் என்று சொல்லிக்கொண்டு வந்தவர் செய்தது ஏமாற்றுவேலை, அதில் எனக்கு வேறு கருத்தே இல்லை. இருந்தாலும் தம்பிக்கு ஒன்றைச் சொல்லிவைக்கிறேன். உண்மையைச் சொன்னால் அவர்கள் வலையில் தேடுவார்கள், அங்கே யாரோ போட்டிருக்கும் பெரிய விலையைப் பார்ப்பார்கள், அதற்குப் பிறகு உங்கள் கைக்கு எட்டாது. அதற்குத் தயாராக இருந்தால் சொல்லுங்கள்.


ஆறாவதுகம்பி (திருச்சி)
வியாழன், பகல் 1:30

சொல்லிவிடத்தான் போகிறேன். ஆனால் சொல்லும்போது ஒரு எண் வேண்டும். "இது விலை உயர்ந்தது அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்க முடியாது. எவ்வளவு என்று கேட்டால் என்ன சொல்வது?


நிஷிகசாய்காரன் (டோக்கியோ)
சனி, இரவு 8:45

இன்று ஒச்சானோமிசு போயிருந்தேன். கிதார் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு, என் வீட்டிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாது. இரண்டு எஸ்ஜி2000 பார்த்தேன். ஒன்று நல்ல நிலையில், பெட்டியோடு, 1,98,000 யென். இன்னொன்றில் ஃப்ரெட் தேய்ந்திருந்தது, ட்யூனர்கள் மாற்றியிருந்தார்கள், பெட்டி இல்லை, 1,48,000 யென். உங்களுடையது இரண்டாவதன் கூடப்பிறந்தது மாதிரி. வாசித்தும் பார்த்தேன். பதினேழாவது ஃப்ரெட்டில் ஒரு ஸ்வரத்தை விட்டால், கடைக்காரர் அடுத்த வாடிக்கையாளரிடம் பேசி முடிக்கும் வரை நின்றது.

100 யென்னுக்கு 57 ரூபாய் என்று வைத்தால் இரண்டாவது கிதார் ஏறக்குறைய 84,000. இந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கடை விலை, அதில் கடையின் லாபம், வாடகை, வரி, உத்தரவாதம் எல்லாம் அடக்கம். அதே கிதாரை விற்பவரிடமிருந்து கடை எடுத்திருக்கும் விலை இதைவிட வெகுவாகக் குறைவாகத்தான் இருக்கும். மறுபக்கம், நீங்கள் அதை இங்கிருந்து வரவழைத்தால் விமானச் செலவு, சுங்கம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்ந்து லட்சத்தைத் தாண்டிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் திருச்சி விலை இருக்க முடியும். என் மனதில் 70-இலிருந்து 80 ஆயிரம் வரை.


ஈயமும்கம்பியும் (சென்னை)
சனி, இரவு 10:30

நிஷிகசாய் நண்பர் சொன்ன எண்ணுக்கு நானும் கிட்டத்தட்ட வருகிறேன், ஆனால் கிதாரைச் சோதிக்காமல் எந்த எண்ணும் நிற்காது. இந்த மாடலில் முதல் பயம் நெக். ஃபெண்டர் மாதிரி நாலு திருகாணியில் மாட்டிய நெக் கோணினால் வேறு நெக் போடலாம். இதில் நெக்கே உடம்பு, கோணியிருந்தால் மாற்ற வழி கிடையாது. அதனால் தச்சர் பலகையைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி, ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து இரண்டு ஓரத்தையும் பாருங்கள். ஓரங்கள் ஒன்றுக்கொன்று முறுக்கிக்கொண்டு போனால் விலையைப் பற்றிப் பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள். முறுக்கு இல்லாமல் வெறுமனே வளைந்திருந்தால் நெக்குக்குள் ஓடும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராடில் சரிசெய்யலாம். கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், நெக் உடம்பைத் தொடும் இடத்தில் உள்ள ஃப்ரெட்டிலும் அழுத்திப் பிடித்தால் ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இடைவெளி இருக்கும், அது போதும். ட்ரஸ் ராட் நட் அசைகிறதா என்று மட்டும் மெல்லத் திருப்பிப் பாருங்கள், அடுத்தவர் கிதாரில் அதற்கு மேல் கை வைக்காதீர்கள்.

ஹெட்ஸ்டாக் சேரும் இடத்தின் பின்புறம் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே மயிரிழை போலக் கோடு இருந்தால் ஒரு முறை விழுந்து உடைந்து ஒட்டியது. நன்றாக ஒட்டியிருந்தால் வாசிக்க ஒரு குறையும் இருக்காது, ஆனால் விலை பாதிக்கு இறங்கிவிடும். முழுக்க மறுபெயின்ட் அடித்த கிதாருக்கும் இதே கதைதான்.

அடுத்தது பிக்கப், கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம். வயரை மாட்டி, வால்யூமை முழுக்கத் திறந்து, வயரின் மறுமுனையில் மல்டிமீட்டர் வையுங்கள். இந்த மாதிரி ஹம்பக்கர்களில் (இரண்டு காயில், அதாவது கம்பிச்சுருள், உள்ள பிக்கப்) பொதுவாக 7-இலிருந்து 9 கிலோ ஓம் காட்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. பின்மூடியைத் திறக்க அனுமதி கிடைத்தால் ஈயம் வைத்த இடங்களைப் பாருங்கள். எல்லாம் ஒரே மாதிரி மங்கியிருந்தால் யாரும் தொடவில்லை என்று அர்த்தம். ஒரு இடம் மட்டும் பளபளத்தால் அங்கே என்ன மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

ஃப்ரெட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அது டயர் மாதிரி தேய்ந்து மாற்றும் பொருள். ஆனால் கருங்காலியில் பழைய ஃப்ரெட்டைப் பிடுங்கும்போது விளிம்பு பெயர்ந்து வரும், பொறுமையாகச் சூடு காட்டி எடுக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள். 12,000 ஒதுக்கி வையுங்கள். ஒச்சானோமிசு விலையில் ஃப்ரெட் தேய்மானம் ஏற்கனவே கழிந்துவிட்டது, அதை இன்னொரு முறை கழித்துக் கேட்டால் அது சரியில்லை.


ஆறாவதுகம்பி (திருச்சி)
திங்கள், இரவு 9:05

நேற்று போய் வந்தேன், ஒன்றரை மணி நேரம் ஆனது. நெக் நேராக இருக்கிறது, முறுக்கு இல்லை. ஹெட்ஸ்டாக்கில் விரிசல் இல்லை. பின்மூடியைத் திறந்தபோது அந்த அம்மாவே டார்ச் பிடித்தார், ஈயம் எல்லா இடத்திலும் மங்கல்தான்.

பிரிட்ஜ் பிக்கப் 7.8 காட்டியது. நெக் பிக்கப் 3.9. எனக்கு மனசு விட்டுப்போனது, ஒரு காயில் போய்விட்டது என்று நினைத்தேன். ஈயமும்கம்பியும் அண்ணாவுக்கு அங்கிருந்தே போன் செய்தேன். அவர் முதலில் கேட்டது, "டோன் குமிழை அமுக்கிப் பார்த்தீர்களா?" என்றுதான். அமுக்கினால் டக்கென்று ஒரு சத்தம். மீட்டரில் 7.6.


ஈயமும்கம்பியும் (சென்னை)
திங்கள், இரவு 9:40

மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். முதல் வருடங்களுக்குப் பிறகு வந்த எஸ்ஜி2000-இல் டோன் குமிழை அமுக்கினால் ஹம்பக்கரின் இரண்டு காயிலில் ஒன்று அணைந்து, சிங்கிள் காயில் சத்தம் வரும். வெளியே பார்த்தால் தெரியாது. அளவு சரியாகப் பாதி காட்டினாலே இந்தச் சந்தேகம் வர வேண்டும். "ஒரு பிக்கப் செத்துவிட்டது அம்மா" என்று மீட்டரைக் காட்டி 15,000 குறைத்திருக்கலாம், அந்த அம்மா நம்பியும் இருப்பார். தம்பி போனை எடுத்தார் பாருங்கள், அது எனக்குப் பெரிய சந்தோஷம்.


ஆறாவதுகம்பி (திருச்சி)
திங்கள், இரவு 10:15

மீதியையும் சொல்லிவிடுகிறேன். சோதனை முடிந்ததும் உட்கார வைத்துச் சொன்னேன். இது என்ன கிதார், ஜப்பானில் என்ன விலை போகிறது, ஏன் 35 குறைவு, எல்லாம். அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவர் இதை யாரையும் தொட விட மாட்டார், நான் வெறும் பிடிவாதம் என்று நினைத்தேன்" என்றார்.

அப்புறம் துபாயில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டார். இன்று காலை மகன் என்னை அழைத்தார். மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வலையில் 2,900 டாலர் என்று பார்த்தாராம், 2,00,000-க்குக் கீழே கொடுக்க முடியாது என்றார்.


கொடுக்கல்வாங்கல் (பெங்களூரு)
திங்கள், இரவு 10:22

இதைத்தான் சொன்னேன் தம்பி. எனக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது.


நிஷிகசாய்காரன் (டோக்கியோ)
செவ்வாய், காலை 7:00

அவர் பார்த்தது ஒருவர் கேட்கும் விலை. யார் வேண்டுமானாலும் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம். அரிதான கிதார்களில் இது இன்னும் மோசம், ஏனென்றால் நியாயமான விலை போட்டவை விற்றுப் பட்டியலில் இருந்து மறைந்துவிடும், விற்காத பெரிய விலைகள் மட்டும் வருடக்கணக்கில் அங்கேயே நிற்கும். தேடுபவர் கண்ணில் படுவது அவைதான். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி உண்டு. இசைக்கருவிகள் விற்கும் ரிவர்ப் தளத்தில் பழைய விற்பனை விலைகளைப் பார்க்கலாம். ஜப்பான் யாஹூ ஏலத்தில் முடிந்த ஏலங்களைத் தேடலாம். இவற்றை மகனுக்கு அனுப்புங்கள். உங்களுக்குச் சாதகமானதை மட்டும் பொறுக்கி அனுப்ப வேண்டாம், அதிகம் போனதையும் சேர்த்து அனுப்புங்கள்.


ஈயமும்கம்பியும் (சென்னை)
செவ்வாய், காலை 8:35

இன்னொன்றையும் சொல்லுங்கள். அமெரிக்காவில் ஒருவர் பெட்டி, புது ஃப்ரெட், 14 நாள் திருப்பிக் கொடுக்கும் வசதியோடு விற்கும் கிதாரையும், ஸ்ரீரங்கத்தில் கேன்வாஸ் உறையில் இருப்பதையும் ஒரே விலையில் வைக்க முடியாது. இந்தக் கிதாரை விரும்புகிறவர் தமிழ்நாட்டில் எத்தனை பேர்? ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் என்றால் ஒரு வாரத்தில் விற்கலாம், இதற்கு ஆள் கிடைக்க ஒரு வருடம் ஆகலாம். அந்தக் காத்திருப்பும் விலையில் கழியும்.


பழையட்ரூப்காரன் (மதுரை)
செவ்வாய், காலை 10:00

தம்பி, இப்போது பேரம் பேசாதே. உன் எண்ணையும், அந்த எண் எப்படி வந்தது என்பதையும் ஒரு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடு. ஒரு மாதம் வெளியே விலை கேட்டுப் பாருங்கள் என்று நீயே சொல். அதிகம் கொடுக்க ஒருவர் வந்தால் சந்தோஷமாகக் கொடுக்கட்டும், அது அவருடைய பொருள். வராவிட்டால் அந்தத் தாள் அங்கே இருக்கும்.


அப்பாவின்கீபோர்டு (கும்பகோணம்)
செவ்வாய், காலை 11:40

தாளில் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். ஃப்ரெட் மாற்ற ஆகும் செலவு என்று தனியாக எழுதுங்கள், எதை எதற்குக் கழித்தீர்கள் என்று அவருக்கே புரிய வேண்டும்.


ஆறாவதுகம்பி (திருச்சி)
40 நாட்களுக்குப் பிறகு, ஞாயிறு, இரவு 8:20

கிதார் வீட்டுக்கு வந்துவிட்டது.

தாளில் 72,000 என்று எழுதிக் கொடுத்திருந்தேன், கூடவே விற்று முடிந்த ஏழு கிதாரின் விலையும், அதில் இரண்டு கிதார் ஒரு லட்சத்துக்கு மேலே போனவை. மகன் பெங்களூரிலும் சென்னையிலும் விளம்பரம் போட்டார், முதலில் 2,00,000, பிறகு 1,40,000. நிறைய பேர் படம் கேட்டார்கள். நேரில் வந்தவர் இரண்டே பேர். ஒருவர் 40,000-க்குக் கேட்டார், இன்னொருவர் 55,000 என்று சொல்லிவிட்டு பிக்கப்பைக் கழற்றித் தனியாக விற்பது பற்றி அங்கேயே போனில் பேசியிருக்கிறார். அந்த அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

போன வாரம் மகனே அழைத்தார். "80 கொடுக்க முடியுமா?" என்றார். என்னிடம் 60 தான் இருக்கிறது, 72 என்பதே இரண்டு மாதம் அவகாசம் கேட்டுச் சொன்னது என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஃப்ரெட் மாற்ற 12 என்று எழுதியிருக்கிறீர்களே, அது போக உங்களுக்கு 84 ஆகிறது, சரி" என்று அவரே கணக்குப் போட்டுச் சொன்னார். 60 கொடுத்துவிட்டேன், மீதி 12 இரண்டு தவணை. எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

உறைக்குள் அவர் வைத்திருந்த பழைய பிக்குகளும், பாட்டு வரிசை எழுதிய ஒரு நோட்டும் இருந்தன. நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.


கொடுக்கல்வாங்கல் (பெங்களூரு)
ஞாயிறு, இரவு 8:50

வாழ்த்துகள் தம்பி. நான் 35-க்கு வாங்கச் சொன்னேன், நீங்கள் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறீர்கள். நாளைக்கு விற்க வேண்டி வந்தாலும் இந்த விலைக்குப் பக்கத்தில் எடுத்துவிடலாம், நஷ்டம் பெரிதாக இருக்காது. ஒரிஜினல் ட்யூனர் ஒன்று என்னிடம் உதிரியாக இருக்கிறது, இந்த மாடலுக்குப் பொருந்தும் என்று நினைக்கிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், பணம் வேண்டாம்.


அப்பாவின்கீபோர்டு (கும்பகோணம்)
ஞாயிறு, இரவு 9:15

படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன்.


ஈயமும்கம்பியும் (சென்னை)
ஞாயிறு, இரவு 9:30

ஃப்ரெட் வேலைக்கு அவசரம் வேண்டாம், தவணை முடியட்டும். இப்போதைக்கு ஃப்ரெட்டுகளைச் சமமாகத் தேய்த்து லெவல் செய்து கொஞ்சம் வாசிக்கும்படி ஆக்கித் தருகிறேன், சென்னை வரும்போது கொண்டு வாருங்கள். ஏசி அறையில் தொங்கவிடாதீர்கள். கருங்காலி காய்ந்து சுருங்கினால் ஃப்ரெட்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டு கையைக் கீறும். என்ன கம்பி போட்டிருக்கிறது?


ஆறாவதுகம்பி (திருச்சி)
ஞாயிறு, இரவு 9:45

அவர் கடைசியாகப் போட்ட கம்பிகளே இருக்கின்றன, துரு ஏறி. நாளை 10-46 வாங்கி வருகிறேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கழற்றலாமா, ஒவ்வொன்றாக மாற்றவா?


ஈயமும்கம்பியும் (சென்னை)
ஞாயிறு, இரவு 9:52

ஒவ்வொன்றாக. பிரிட்ஜின் உயரத்தை மாற்றுவதற்கு முன் இப்போது இருக்கும் உயரத்தை அளந்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.